பெயரில்லா இன்பம்

நம் முன்னோர் இன்பத்தை இரு கூறாகப் பகுத்து, ஒன்றைச் சிற்றின்பம் என்றும் மற்றொன்றைப் பேரின்பம் என்றும் வழங்கினர். முன்னதை அடக்குமாறும் பின்னதை நாடுமாறும் நமக்கு இளமை தொட்டே கற்பிக்கப்படுகின்றது. இப்பகுப்பில் எமக்கு ஒரு குறை உண்டு. மாலைப் பொழுதில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில், சூடு ஆறாத பால்கோவாவைச் சிறு பொட்டலமாக வாங்கி, ஓரமாக நின்று மெல்ல மெல்ல உண்பவன் அடையும் இன்பம் இவ்விரண்டனுள் எதனைச் சாரும்? அது நாணத்தக்கதன்று, வீடுபேற்றின்பால் உய்ப்பதும் அன்று. இராஜபாளையத்தில் கோடை விடுமுறையில் சப்பட்டை மாம்பழத்தைத் தோலோடு கடித்து, முழங்கை வரை சாறு வழிய நிற்கும் சிறுவனது மகிழ்ச்சிக்கும் நம் பகுப்பில் இடமில்லை. பெயரில்லாத பொருளை உலகம் மதிப்பதில்லை. ஆகலின் இவையெல்லாம் பொழுதுபோக்கு என்னும் ஒரு சொல்லுள் திணிக்கப்பட்டு, வேறு வேலை இல்லாதார்க்கு உரியனவாக எண்ணப்படுகின்றன. அவ்வெண்ணம் பிழை என்பதே ஈண்டு யாம் கூறப் புகுந்தது.

பால்கோவாவையே எடுத்துக்கொள்வோம். 2019-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் பெருமை பேசாதார் இலர். ஆயின் அது ஆகுமாற்றை நின்று கண்டவர் எத்துணைப் பேர்? பாலும் சர்க்கரையுமன்றி அதில் வேறு சரக்கு இல்லை. அகன்ற சட்டியில் பால் கொதிக்க, ஒருவர் அனலருகே நின்று, அடி பிடியாதவாறு துடுப்பால் கிளறிக்கொண்டே இருத்தல் வேண்டும். கை ஓய்ந்தால் பால் தீயும். அக்கையை ஒருமுறை கண்டவன் அடுத்த முறை பொட்டலத்தை விரைந்து விழுங்கமாட்டான். சுவை நாவில் மட்டும் இல்லை, அறிதலிலும் உண்டு என்பது எம் துணிபு.

அவ்வூர்க் கோயிலுள் இதனினும் சிறந்ததொரு சான்று உளது. பதினொரு நிலைகளுடன் ஏறத்தாழ 190 அடி உயர்ந்து நிற்கும் கோபுரத்தை வருவோர் எல்லாரும் அண்ணாந்து நோக்குகின்றனர்; நோக்கிப் படமும் எடுத்துக்கொள்கின்றனர். உள்ளே ஆண்டாளின் கையில் இருக்கும் கிளியை அத்துணைப் பேர் ஊன்றி நோக்குவதில்லை. அக்கிளி கல்லாலோ பொன்னாலோ ஆயதன்று. மரவள்ளி இலையால் உடலும் மாதுளம்பூவால் மூக்குமாக நாள்தோறும் புதிதாகச் செய்யப்படுவது. இன்றைய கிளி நாளைக்கு ஆகாது; இலை வாடிவிடும். மறுநாள் மீண்டும் இலை கொய்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். சமய வேறுபாடு கருதாது நம் மாணவர் எவரும் இதனைச் சிந்திக்கலாம். கோபுரம் எடுப்பித்த அரசரினும் கிளி செய்யும் கையே எமக்கு அண்மையதாகத் தோன்றுகின்றது. நம் நாட்கள் கோபுரம் போன்றன அல்ல, கிளி போன்றன.

"இவையெல்லாம் வயிறு நிறைந்தவர் பேச்சு" என்பார் உளர். இக்கூற்றை யாம் எளிதில் தள்ளமாட்டோம். இராஜபாளையம் உழைப்பால் வளர்ந்த ஊர். 1936-இல் பி. ஏ. சி. ராமசாமி ராஜா அங்கு நூற்பாலை தொடங்கினார். பின்னர் ஆலைகள் பல எழுந்தன. அருகே சத்திரப்பட்டியில் உலகத்தார் புண்ணைக் கட்டும் பேண்டேஜ் துணியை நெய்யும் விசைத்தறிகள் இரைந்துகொண்டிருக்கின்றன. இரவு ஷிப்டு முடித்து விடியலில் பஸ்ஸில் ஏறிக் கம்பியைப் பற்றியவாறே உறங்கும் பெண்ணிடம், "அம்மா, மேற்கே மலையின் அழகைக் காணுங்கள்" என்று சொல்லும் நா எமக்கு இல்லை. அவர்க்கு வேண்டுவது உறக்கம். ஆயின் இதனால் பெறப்படுவது யாது? சிறு மகிழ்ச்சிகள் வீண் என்பதா? அன்று. அவர் இழந்தவற்றுள் கூலியோடு வைத்து எண்ணத்தக்க பொருள் இன்னும் ஒன்று உண்டு என்பதே. வேலை நேரம் குறைய வேண்டும் என்று தொழிலாளர் கேட்கும்போது, உண்ணவும் உறங்கவும் மட்டும் கேட்கின்றாரல்லர். அந்தியில் வாசற்படியில் வாளா அமர்ந்திருக்கவும் கேட்கின்றனர். சென்னை மாகாணத்தில் 1949 முதல் 1952 வரை அரசு நடத்திய பி. எஸ். குமாரசாமி ராஜா, இராஜபாளையத்தில் தாம் வாழ்ந்த வீட்டையே காந்தி கலைமன்றத்துக்கு ஈந்தார். ஊரார் கூடியிருக்க ஓரிடம் வேண்டும் என்பது அத்தகையார்க்கும் சிறு காரியமாகத் தோன்றவில்லை.

எமக்கு விளங்காதது, ஓய்வுடைய நாமே அதனைக் கை நழுவவிடுவதுதான். அந்நாமில் யாமும் அடங்குவோம்.

இவ்விரண்டு ஊர்க்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். 1927-இல் திறந்த இருப்புப்பாதையில் சென்றாலும், சாலையில் சென்றாலும், மேற்கு மலைத்தொடர் வழி நெடுக உடன் வரும். அம்மலையில்தான் 1988-இல் சாம்பல் நிற அணிலுக்கெனச் சரணாலயம் அமைந்தது; 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்துள் அடங்கியது. இராஜபாளையத்தார் குடிக்கும் நீரில் ஒரு பகுதி அங்கிருந்து இறங்கி ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தங்கி வருவது. ஆனி ஆடியில் தென்மேற்குப் பருவமழை மலைக்கு அப்பால் கொட்டித் தீர்க்கும். இப்பால் முகடுகளில் மேகம் தவழும். காற்றும் கொஞ்சம் சாரலும் நம் பங்கு. கண்மாய் நிறைவது ஐப்பசி கார்த்திகையில்தான். முதியோர் காலையில் எழுந்ததும் மேற்கே ஒரு பார்வை பார்த்தே அன்றைய வேலையைத் துணிந்தனர். கண்ணுக்கு விருந்தும் உழவுக்குக் கணக்கும் அவ்வொரு பார்வையில் ஒன்றாயிருந்தன.

சில ஆண்டுகட்கு முன், ஓர் ஐப்பசி மாலையில், ஸ்ரீவில்லிபுத்தூரினின்று இராஜபாளையம் செல்லும் பஸ்ஸில் இருந்தோம். வலப்பக்கத்துச் சன்னலோரம் எம் இடம். அருகில் ஒரு மூதாட்டி. பெரும்பகுதி வழி கடந்தபின் அவர் எம் கையைத் தொட்டு, "தம்பி, மலையில மழை எறங்கியிருக்கா? எனக்கு அம்புட்டுத் தூரம் கண்ணு தெரியல" என்றார். யாம் கைப்பேசியினின்று தலை நிமிர்ந்தோம். அதற்குள் பஸ் ஊருக்குள் நுழைந்துவிட்டது. கட்டடங்கள் மலையை மறைத்தன. "இப்பத் தெரியல பாட்டி" என்றோம். "இம்புட்டு நேரம் சன்னலோரமாத்தானய்யா இருந்தீக?" என்றார். அது வசையன்று, மெய்யான வியப்பு. பின் தமக்குத் தாமே சொல்வார் போல, "கம்மாய்க்குத் தண்ணி வந்தா நாத்துப் பாவணும்" என்று கூறி, மடியிலிருந்த பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அம்மலையில் அன்று மழை இறங்கிற்றா என்பது எமக்கு இன்றும் தெரியாது.

இவ்விரு ஊர்களினின்றும் நம் கல்லூரிக்கு வரும் மாணவ நண்பர்க்கு ஒரு வேண்டுகோள். ஊர் செல்லும் அந்த அரை மணி நேரம் கைப்பேசி பைக்குள் உறங்கட்டும். கண்டதை நாட்குறிப்பில் எழுதுமாறு யாம் கூறோம். எழுதப் புகுந்தால் அதுவும் வீட்டுப்பாடமாகிவிடும். கண்டு களித்ததை எவர்க்கும் அனுப்பவும் வேண்டா.

அம்மூதாட்டியை மீண்டும் கண்டிலோம். அவ்வழியே செல்லும்போதெல்லாம் வலப்பக்கத்து இடத்தையே தேடுகின்றோம். சென்ற கார்த்திகையில் ஒருநாள் முகடுகள் தெரியாதவாறு கருமேகம் படிந்து, அதன் கீழே மழைக்கால்கள் நூல் நூலாக இறங்கியிருக்கக் கண்டோம். பக்கத்து இருக்கையில் இருந்த இளைஞர் காதில் கருவி மாட்டிக்கொண்டு கண்மூடியிருந்தார்.