எத்தீம் பிள்ளையின் பெயர்



2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபின், மருதமுனை, சாய்ந்தமருதுப் பக்கம் உம்மா வாப்பாவை இழந்த பிள்ளைகள் பலர் சொந்தக்காரர் வீடுகளில் வளர்ந்தார்கள். அரிசி, உடுப்பு கொடுப்பதில் நாம் குறை வைக்கவில்லை. அப்பிள்ளைகளின் பெயரையும் சொத்தையும் காப்பது பற்றி எத்தனை பேர் யோசித்தோம்?

ஐ.நா. சபை 1989இல் நிறைவேற்றிய சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. குடும்பமிழந்த பிள்ளையைப் பற்றிய அதன் 20ஆம் உறுப்புரையில் ‘கபாலா’ என்று நம் ஷரீஅத்தின் சொல்லே இருக்கிறது! கபாலாவில் வளரும் பிள்ளை தன் வாப்பாவின் பெயரை இழப்பதில்லை. ஸூரத்துல் அஹ்ஸாப் (33:5) பணிப்பதும் அதைத்தான். வாப்பா விட்டுச்சென்ற வளவும் நகையும் அமானிதம். பருவமடைந்து விவேகம் கண்டபின், சாட்சி வைத்துக் கையளிக்க வேண்டும் (4:6).

“எடுத்து வளர்க்கிறோம்” என்று சொல்லிக்கொண்டு, பாடசாலைக்கு அனுப்பாமல் விடியவிடியப் பாத்திரம் கழுவ வைக்கும் வீடுகளும் உண்டு. அது கபாலாவா? சம்பளமில்லாத வேலைக்காரி, அவ்வளவுதான்.

உங்கள் ஒழுங்கையில் அப்படியொரு பிள்ளை இருந்தால், முதலில் அந்த வீட்டு உம்மாவிடம் பதமாகப் பேசிப் பாருங்கள். பலனில்லையென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள். பிள்ளையின் பிறப்பத்தாட்சிப் பத்திரம் யார் கையில் இருக்கிறது என்பதையும் மறக்காமல் விசாரியுங்கள்.