இரண்டு தொட்டில்கள்

டிசம்பர் வந்தால் சேலம், நாமக்கல் பக்கத்துக் கோயில்களில் குடில் கட்டுகிறார்கள். வைக்கோல் பரப்பி, மாட்டுத் தீவனத் தொட்டியில் ஓர் ஆண் குழந்தையைக் கிடத்துகிறார்கள். இதே சேலத்தில்தான் 1992இல் அரசு இன்னொரு தொட்டிலை வைத்தது. பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால் ஊற்றாதீர்கள், எங்களிடம் கொடுத்துவிடுங்கள் என்று அரசே கேட்க வேண்டியிருந்தது. 2001 கணக்கெடுப்பில்கூட இந்த மாவட்டத்தில் ஆறு வயதுவரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகள்தான் இருந்தார்கள். இந்த இரண்டு தொட்டில்களையும் சேர்த்துப் பேசிய பிரசங்கம் எத்தனை?

"அது சமூகப் பிரச்சினை. கொன்றவர்கள் நம் சபையாரும் அல்ல. இறையியலுக்கு இதில் என்ன வேலை?" என்பார்கள். வேலை இருக்கிறது. கடவுள் மனித உடல் எடுத்தார் என்ற போதனைக்காகத் தொடக்க காலக் கிறிஸ்தவர்கள் போட்ட சண்டையில் பெரும்பகுதி, பெண்ணின் கருப்பையைப் பற்றிய சண்டை.

இரண்டாம் நூற்றாண்டில் மார்சியோன் என்றொருவர் இருந்தார். கிறிஸ்து பிறக்கவே இல்லை, திபேரியு மன்னனின் 15ஆம் ஆட்சியாண்டில் வளர்ந்த ஆளாகவே வந்து இறங்கினார் என்பது அவர் போதனை. கடவுள் ஒரு பெண்ணின் வயிற்றில், இரத்தத்துக்கும் நீருக்கும் நடுவே கிடந்தார் என்பதை அவரால் ஏற்க முடியவில்லை. 144இல் ரோமைச் சபை அவரை விலக்கியது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் அவரை மறுத்து, கிறிஸ்துவின் உடலைப் பற்றித் தனி நூலே எழுதினார். நீ அருவருக்கிற அதே வழியாகத்தான் நீயும் வந்தாய், பிறப்பை வெறுப்பவனால் மனிதரை எப்படி நேசிக்க முடியும் என்பது அவர் வாதத்தின் சாரம். 431இல் எபேசு சங்கம், மரியாளைக் கடவுளின் தாய் என்று அழைப்பது சரியே என்று முடிவு செய்தது.

ஏட்டில் மார்சியோன் தோற்றார். நடப்பில் தோற்கவில்லை. மாதவிலக்கான பெண்கள் திருப்பந்தியை நெருங்கக் கூடாது என்று அதே மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா ஆயர் தியோனிசியு எழுதினார். பெண்ணால்தான் பிசாசு உள்ளே நுழைந்தான் என்று இதே தெர்த்துல்லியன் வேறொரு நூலில் வைதார். ஆண் பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு 40 நாள், பெண் பிள்ளை பெற்றவளுக்கு 80 நாள் என்கிறது லேவியராகமம். பெண் பிறந்தால் இரட்டைத் தீட்டு! இந்தக் கணக்கு நம் ஊருக்குப் புதிதாகவா இருக்கிறது?

ஆனால் மறுத்துப் பேசிய குரலும் அன்றே இருந்தது. அதே நூற்றாண்டில் சிரியாவில் எழுந்த திதஸ்காலியா என்ற சபை ஒழுங்கு நூல், விலக்கு நாட்களிலும் தூய ஆவி பெண்ணைவிட்டு நீங்குவதில்லை, ஜெபத்தையும் நற்கருணையையும் அவள் விட வேண்டியதில்லை என்று வாதிட்டது. அதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் வாராவாரம் பீடத்துக்குப் பூ வைக்கிறவள் அந்த மூன்று நாள் மட்டும், "இன்னைக்கு நீ வையக்கா" என்று பூவைக் கொடுத்துவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்காருகிறாள். அவளை யாரும் தடுக்கவில்லை. தடுக்கத் தேவையில்லாதபடி வளர்த்திருக்கிறோம்.

நாமக்கல்லின் முட்டைப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரிக்கும் இடத்தில், பொரித்த அன்றே சேவல் குஞ்சைக் கழித்துவிட்டுப் பெட்டைக் குஞ்சை வைத்துக்கொள்வார்கள். அங்கே பெட்டைதான் லாபம். ஆக, இந்த மண்ணுக்குக் கருப்பையின் மதிப்பு தெரியாமல் இல்லை. காசு தந்தால் வரவு, வரதட்சணை கேட்டால் செலவு.

கிறிஸ்து எதை ஏற்றுக்கொண்டாரோ அதுதான் குணமாகும், ஏற்காதது குணமாகாது என்று நான்காம் நூற்றாண்டில் நசியான்சு கிரகோரி வாதிட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டு 1976இல் வத்திக்கான் வெளியிட்ட அறிக்கையைப் படியுங்கள். கிறிஸ்து ஆண், ஆகவே குருவும் ஆணாக இருக்க வேண்டும் என்கிறது அது. அப்படியானால் நம் உடலை அவர் ஏற்றாரா, இல்லையா? ஏற்கவில்லை என்றால் நமக்கு மீட்பு ஏது? ஏற்றார் என்றால் பீடத்தில் நிற்க நமக்கு என்ன தடை? பெண்களுக்குக் குருப்பட்டம் தரும் சி.எஸ்.ஐ. சபையாரும் தங்கள் வீட்டுப் பூஜ்யக் கணக்கைப் பார்க்கட்டும்: பட்டம் தருவதோடு தீட்டு போய்விட்டதா?

இன்னொன்று. ஆணின் பங்கில்லாமல் கிறிஸ்து கருவானார் என்பது அவர்களே சொல்லும் போதனை. அப்படியென்றால் அந்த உடலின் சதையும் இரத்தமும் முழுக்க ஒரு பெண் கொடுத்தது. குடிலில் கிடத்தி மண்டியிடுகிறோமே, அந்த உடல்.

அதற்கு மண்டியிட்டு எழுந்து, வீட்டுக்கு வந்து, மருமகளிடம் "மறுபடியும் பொட்டப்புள்ளையா?" என்று கேட்கிறவர் மார்சியோன் பக்கம் நிற்கிறார். அதை மேடையிலிருந்து சொல்லுங்கள். கிறிஸ்துமஸ் அன்றே சொல்லுங்கள். நாமும் அந்த மூன்று நாளில் நாமே பூ வைப்போம்.