கழல மாட்டேன்னு அடம்பிடிச்ச சக்கரம்!

ஒரு குட்டி கேள்வி. கார் சக்கரத்துல இருக்கிற எல்லா நட்டையும் கழட்டியாச்சு. இப்போ சக்கரம் கையோட வந்துடுமா? 'வந்துடும்'னு சொன்னீங்கன்னா, நீங்களும் என்னை மாதிரி புத்தகத்துல மட்டுமே சக்கரம் கழட்டின பார்ட்டி!

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மரக்காணத்துல ஃப்ரெண்ட் வீட்டுல மூக்குப் பிடிக்க மீன் குழம்பு சாப்பிட்டுட்டு, அவங்க அப்பாவோட பழைய கார்ல நாலு பேரும் சென்னைக்குக் கிளம்பினோம். மறுநாள் இன்டர்னல்ஸ். ஊரைத் தாண்டினதும் முன்பக்க இடது டயர் பஞ்சர். 'மூணாவது வருஷம் மெக்கானிக்கல்டா நாம!'னு கெத்தா இறங்கினோம். ஜாக்கி வெச்சோம், நட்டு எல்லாம் கழட்டினோம். சக்கரமோ வெல்டிங் வெச்ச மாதிரி அசையவே இல்லை. இழுத்தோம், உதைச்சோம், திட்டினோம். ம்ஹூம்!

நண்பன் ஒருத்தன் (பேர் சொன்னா அவங்க அம்மா தோலை உரிச்சிடுவாங்க) காருக்கு அடியில தலையை விட்டு, உள்பக்கமா கல்லால தட்ட ஆரம்பிச்சான். 'பெரிய கல்லா குடுடா'ன்னு கேட்க வெளியே வந்தான். அடுத்த நொடி, மணல்ல நின்ன ஜாக்கி சாய்ஞ்சு கார் 'தொம்'னு இறங்கிடுச்சு. யாருக்கும் பேச்சே வரலை. கார் மொத்தமா தரையில உட்காராம தாங்கினது எது தெரியுமா? நாங்க திட்டித் தீர்த்த அதே சக்கரம்தான்!

கை நடுங்க, பக்கத்து பஞ்சர் கடை அண்ணனைக் கூட்டிட்டு வந்தோம். பார்த்ததும் சிரிச்சார். "உப்புக் காத்து தம்பி. எத்தனை வருஷமா கழட்டலை?"

மேட்டர் இதுதான். சக்கரத்தோட நடு ஓட்டை, ஹப் மேல டைட்டா உட்கார்ந்திருக்கும். அலாய் வீல்னா அலுமினியம், ஹப் இரும்பு. நடுவுல உப்புத் தண்ணி போனா அதுவே ஒரு குட்டி பேட்டரி. அலுமினியம் அரிச்சு, வெள்ளைப் பொடியா இடுக்கை அடைச்சுக்கும். இரும்புச் சக்கரம்னாலும் துரு இதே வேலையைச் செய்யும். முதல் வருஷம் கெமிஸ்ட்ரியில 'கால்வானிக் அரிப்பு'ன்னு நாம விழுந்து விழுந்து மனப்பாடம் பண்ணோமே, அதேதான்!

அண்ணன் எடுத்த பாடம் இது, நோட் பண்ணிக்கோங்க:

முதல்ல எல்லா நட்டையும் திரும்பப் போட்டு முடுக்கிட்டு, வண்டியைக் கெட்டியான சமதளத்துக்கு நகர்த்தணும். அங்க நட்டுகளை ஒரு சுத்து மட்டும் லூஸா விடணும். முழுசா கழட்டவே கூடாது. ஜாக்கியை எடுத்துட்டு, ஓரடி முன்னால, ஓரடி பின்னால மெதுவா உருட்டி பிரேக் அடிக்கணும். வண்டியோட எடையே பிடிப்பை உடைச்சிடும். எங்களுக்கு மூணாவது பிரேக்ல 'டக்'! அப்புறம்தான் ஜாக்கி வெச்சு மிச்ச வேலை.

அப்பவும் வரலைன்னா, துரு இளக்குற ஸ்ப்ரேயை ஹப்பைச் சுத்தி அடிச்சுக் கால் மணி நேரம் விடலாம். பிரேக் டிஸ்க்ல மட்டும் படக் கூடாது. ரிம்மைச் சுத்தியலால அடிக்காதீங்க, விரிசல் விடும். நெருப்பு காட்டவே காட்டாதீங்க, டயர் வெடிக்கும்.

கழட்டினதும் கம்பி பிரஷ்ஷால ஹப்பைத் தேய்ச்சு, ஆன்டி-சீஸ் பேஸ்ட் மெல்லிசா தடவணும். போல்ட் மரையில வேண்டாம். மாட்டும்போது நட்டுகளை எதிரெதிரா முடுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டினதும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் அண்ணன் கேட்டார்: "என்ன படிக்கிறீங்க தம்பி?" நாலு பேரும் கோரஸா, "பி.காம்ணே!"

காசு வாங்கிக்கிட்டு அவர் சொன்னது மட்டும் இன்னும் காதுல கேட்குது: "ஜாக்கி தூக்கத்தான் தம்பி, தாங்க இல்லை. அதை நம்பி அடியில போகாதீங்க."

மறுநாள் இன்டர்னல்ஸ் ஊத்திக்கிச்சு. பரவாயில்லை பாஸ், அடுத்த இன்டர்னல்ஸ் எழுத நாலு பேருமே இருக்கோம்ல!