மெட்ராய்டு பிரைம் ஹண்டர்ஸ் - பாதி கேம் எங்கே போச்சு?

கையடக்கக் கருவியில் ஷூட்டர் கேம் என்றாலே ஒரு சிக்கல் உண்டு. நடக்க ஒரு கை, குறி பார்க்க ஒரு கை வேண்டும். கம்ப்யூட்டரில் மவுஸ் இருக்கிறது, டிவியில் மாட்டும் கன்சோலில் இரண்டு ஸ்டிக் இருக்கிறது. நிண்டெண்டோ டிஎஸ்ஸில் ஒரு ஸ்டிக் கூடக் கிடையாது! 4 எம்பி மெமரி, உள்ளங்கை அளவு இரண்டு திரைகள். இதில் முப்பரிமாண விண்வெளிச் சண்டையா என்று கேட்டால் நியாயம்தான். மார்ச் 2006-ல் அமெரிக்காவில் வெளியான மெட்ராய்டு பிரைம் ஹண்டர்ஸ் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொன்னது.

பதில் ரொம்ப எளிமை. கீழ்த்திரையில் ஸ்டைலஸை இழுத்தால் மேல்திரையில் பார்வை திரும்பும். இடது கட்டைவிரலால் நடை, இடது ஆள்காட்டி விரலால் சுடுதல், திரையை இரண்டு தட்டு தட்டினால் குதி. பழகிவிட்டால் கிட்டத்தட்ட மவுஸ் மாதிரியே குறி பார்க்கலாம். இடது கைக்காரர்களுக்கும் தனி அமைப்பு உண்டு. சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சின்னக் கருவியில் இது பெரிய சாதனை. ஆனால் அரை மணி நேரத்தில் இடது கை மரத்துப்போகும் என்பது வேறு விஷயம். கருவியின் மொத்த எடையையும் அந்த ஒரு கைதானே தாங்குகிறது!

கதைக்கு வருவோம். விண்வெளி வேட்டைக்காரி சாமஸ், அலிம்பிக் என்ற அழிந்துபோன இனத்தின் உலகங்களில் எட்டு ஆக்டோலித்துகளைத் தேடுகிறாள். இன்னும் ஆறு வேட்டைக்காரர்கள் போட்டிக்கு வருகிறார்கள். அவர்களிடம் தோற்றால் கையிலிருக்கும் ஆக்டோலித்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அருமையான யோசனை. ஆனால் எட்டு ஆக்டோலித்துக்கும் காவல் நிற்பது இரண்டே வகை பாஸ்தான். அதையே சிறு மாற்றத்தோடு நான்கு நான்கு முறை அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கடிகாரம் ஓட ஓட, வந்த வழியே கப்பலுக்குத் திரும்பி ஓட வேண்டும். முதல் முறை திக் திக். நான்காவது முறை கொட்டாவி. 2002-ல் வந்த முதல் மெட்ராய்டு பிரைமின் தனிமையும் மர்மமும் இதில் பாதி கூட இல்லை.

அப்படியென்றால் இந்த கேமுக்கு ஏன் இவ்வளவு பேர்? மல்டிபிளேயர்தான். ஒரே நேரத்தில் நான்கு பேர், ஏழு வேட்டைக்காரர்கள், ஏழு விதமான ஆட்டங்கள். ஒவ்வொரு ஆளும் ஒவ்வொரு மாதிரி. ட்ரேஸ் இம்பீரியலிஸ்ட் துப்பாக்கியோடு அசையாமல் நின்றால் கண்ணுக்கே தெரியமாட்டான். ஸ்பையர் நெருப்புக் குழம்பில் ஹாயாக நடப்பான். வீவல் இரண்டாகப் பிரிந்து, கீழ்ப்பாதி பீரங்கியாக நின்று சுடும். சைலக்ஸ் எதிரியின் உயிரை உறிஞ்சித் தன் உயிரை ஏற்றிக்கொள்வான். யாரை எடுப்பது என்பதிலேயே ஆளுக்கொரு தந்திரம். நிண்டெண்டோ வைஃபை கனெக்ஷன் வழியாக முன்பின் தெரியாதவர்களோடு மோதலாம். 12 இலக்க நண்பர் குறியீட்டைப் பரிமாறிக்கொண்டவர்கள் சண்டைக்கு முன்னும் பின்னும் மைக்கில் பேசவும் செய்யலாம். ஏமாற்றுக் கருவி வைத்து ஆடியவர்கள், தோற்கும்போது இணைப்பைப் பிடுங்கிவிட்டு ஓடியவர்கள் எல்லாம் இருந்தார்கள். இருந்தும் இந்த கேமின் உயிர் அங்கேதான் இருந்தது.

அந்த உயிர் 20 மே 2014 அன்று போனது. நிண்டெண்டோ அந்தச் சேவையை மூடியது. பின்னர் இதே கேம் வீ யூ கன்சோலுக்கு மறுபடியும் விற்பனைக்கு வந்தபோது இணைய ஆட்டம் வரவில்லை. அதாவது கேமின் சுமாரான பாதி மட்டும் பத்திரமாக இருக்கிறது. நல்ல பாதியின் பெரும்பங்கு போய்விட்டது.

"சர்வர் நடத்தக் காசு ஆகாதா? எத்தனை வருஷம்தான் நடத்துவார்கள்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எந்தக் கம்பெனியும் காலம் முழுக்க சர்வர் நடத்த வேண்டியதில்லை. ஆனால் கடையை மூடும்போது சாவியையும் எடுத்துப்போக வேண்டுமா? இந்த கேமையே பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான்கு பேர் எந்த சர்வரும் இல்லாமல் கருவிக்குக் கருவி இணைத்து இன்றைக்கும் சண்டை போடலாம். தனி ஆளாக இருந்தால் கேமே ஓட்டும் எதிரிகளோடு மோதலாம். சண்டையை நடத்தும் திறன் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருக்கிறது. தூரத்தில் இருப்பவர்களைத் தேடிச் சேர்த்துவிடும் வேலைக்கு மட்டும்தான் கம்பெனியின் சர்வர் இல்லை. அந்த வேலையை ரசிகர்களே மாற்று சர்வர் வைத்துச் செய்ய முடியும் என்பதை டிஎஸ் கேம்களில் பார்த்தாயிற்று. அதைக் கம்பெனியே முறையாகச் செய்துகொடுத்திருக்கலாம்.

இந்த கேமுக்காவது மிச்சம் ஏதோ இருக்கிறது. யுபிசாஃப்டின் 'தி க்ரூ' சர்வர்கள் மார்ச் 2024-ல் மூடப்பட்டபோது, காசு கொடுத்து வாங்கியவர்களால் தனியாகக் கூட அதை ஓட்ட முடியவில்லை. அதிலிருந்துதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கமே கிளம்பியது. ஐரோப்பாவில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து சேர்ந்தது. அவர்கள் கேட்பதும் இதுதான்: மூடுங்கள், ஆனால் விளையாடக்கூடிய நிலையில் விட்டுவிட்டுப் போங்கள்.

2025 டிசம்பரில் வந்த மெட்ராய்டு பிரைம் 4-ல் வில்லன் யார் தெரியுமா? ஹண்டர்ஸில் அறிமுகமான அதே சைலக்ஸ். கதாபாத்திரத்தை 19 வருஷம் கழித்தும் நினைவில் வைத்திருக்கும் கம்பெனி, அவனை வைத்து ஊரெல்லாம் சண்டை போட்டவர்களையும் கொஞ்சம் நினைத்திருக்கலாம்.

பழைய டிஎஸ்ஸும் கார்ட்ரிட்ஜும் கிடைத்தால், கூட ஆட நண்பர்களும் இருந்தால், தாராளமாக வாங்கலாம். தனியாக ஆடுபவர்கள் யோசித்து வாங்கவும்.

கதை: 10-க்கு 5. மல்டிபிளேயர்: 10-க்கு 9, பக்கத்தில் ஆள் இருந்தால் மட்டும்.