கொழுந்து கிள்ளுபவருக்குக் கோப்பையைக் காட்டுங்கள்



யாழ்ப்பாணக் குடாநாட்டில் தேயிலை விளையாது. அது சுண்ணாம்புக்கல் நிலம். கிணறும் பனையும்தான் அதன் சொத்து. ஆனாலும் நம் தொழிலைப் பற்றிய ஒரு பாடத்தை அண்மையில் அங்கேதான் கற்றோம்.

சங்க வேலையாக வடக்குக்குப் போன நம்மில் சிலர் யாழ் நகரில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் பிளேன்ரீயும், கடித்துக்கொள்ள ஒரு துண்டுப் பனங்கட்டியும் வைத்தார். ஒரு கிளாசை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தவர், "சாயம் நல்லா இறங்கியிருக்கு, ஆனால் போன மாசத் தூளின்ர மணம் இல்லை" என்றார். பிறகு, "நீங்கள் மலைநாட்டு ஆக்கள்தானே, இது எந்தப் பக்கத்துத் தேயிலை எண்டு சொல்லுங்கோ" என்று கேட்டார்.

எங்களில் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய தோழி ஒருவரும் எங்களோடு இருந்தார். அவர் சொன்னது இதுதான்: "நாங்க கிள்ளுனது என்னா ருசின்னு இதுவரைக்கும் யாரு எங்ககிட்ட சொன்னா?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

தேயிலையை ருசி பார்ப்பது மந்திரம் அல்ல. அதற்கு முறை உண்டு, அளவு உண்டு. ஐ.எஸ்.ஓ. 3103 என்னும் சர்வதேச விதிப்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊறவேண்டும். வெள்ளைப் பீங்கான் கோப்பையில் வடித்து வரிசையாக வைப்பார்கள். ருசி பார்ப்பவர் மூன்றைப் பார்க்கிறார்: காய்ந்த தூள், ஊறிய இலை, இறங்கிய சாயம். சாயத்தைக் கரண்டியால் எடுத்துச் சத்தம் வர உறிஞ்சி, நாக்கு முழுவதும் படவிட்டுத் துப்பிவிடுகிறார். கொழும்பில் 1883ஆம் ஆண்டு தொடங்கிய ஏலத்துக்கு இன்றும் ஒவ்வொரு வாரமும் போகும் தேயிலைக்கு இப்படித்தான் மதிப்புப் போடப்படுகிறது. தோட்டத்தின் பெயர், அந்தக் கோப்பையின் குணம், கிடைத்த விலை எல்லாம் பதிவாகின்றன. கம்பனிக்கும் தரகருக்கும் வாங்குபவருக்கும் அது தெரியும். கிள்ளியவருக்கு மட்டும் தெரியாது.

தெரியாததால் என்ன நட்டம் என்று சிலர் கேட்கலாம். நட்டம் நம் கூலியில் இருக்கிறது.

2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்த போதெல்லாம் கம்பனிகளின் பக்கமிருந்து எழுந்த பேச்சு ஒன்றே: உற்பத்தித்திறன் போதாது, தரம் போதாது. தராசடியிலும் அதே பேச்சுத்தான். முத்தல் இலை என்று ஏசுகிறார்கள். ஈரம் என்றும் சாக்கு என்றும் கிலோவைக் கழிக்கிறார்கள். நிறை குறைந்தால் அரைப் பேர். விலை விழுந்தால் பழி நம் விரல்மேல் விழுகிறது. விலை ஏறிய வாரத்தில் பிரட்டுக்களத்தில் யாரும் அதை வாசித்துச் சொல்வதில்லை.

ஆனால் கோப்பை பொய் சொல்லாது. யார் தவறு எங்கே நடந்தது என்பதை அது காட்டிக்கொடுக்கும். சாயத்தில் புகை நாற்றம் அடித்தால் அடுப்பின் புகை டிரையருக்குள் கசிகிறது என்று பொருள். கருகிய வாடை என்றால் சூடு மிஞ்சிவிட்டது. வெந்து சலித்த ருசி என்றால் டிரையரில் சூடு போதவில்லை. ஊறிய இலை மங்கிக் கறுத்திருந்தால், கொழுந்து சாக்கில் நெரிந்து சூடேறியிருக்கலாம். அப்படியானால் சாக்கை நெருக்கி அடைக்கச் சொன்னது யார், லொறி நேரத்துக்கு வராதது ஏன் என்று கேட்க வேண்டும். முத்தல் இலையால் சாயம் மெலிவதும் நாரும் தண்டும் தெரிவதும் உண்மைதான். அது நம் பக்கத்துத் தவறு என்றால் ஏற்றுத் திருத்திக்கொள்வோம். அப்போதும் ஒரு கேள்வி மிஞ்சும்: கொழுந்தெடுக்கும் முறை தவறி, அந்த மலைக்கு எத்தனை நாள் பிந்தி நம்மை அனுப்பினார்கள்? இலை முத்தியது அதனாலும் இருக்கலாம்.

பனங்கட்டிக்குத் திரும்புவோம். பனை ஏறும் தொழிலாளி தன் பொருளைத் தானே ருசி பார்க்கிறார். முட்டியில் தடவிய சுண்ணாம்பு குறைந்தால் கருப்பநீர் புளித்துக் கள்ளாகும். கூடினால் ருசி கெடும். இரண்டையும் அவருடைய நாக்கு அறியும். பனங்கட்டி காய்ச்சும் பெண்ணும் பாகின் பதத்தைத் தானே பார்த்து இறக்கிக் குட்டானில் வார்க்கிறார். 1970களில் அந்தத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களில் சேர்ந்தார்கள். 1978இல் பனை அபிவிருத்திச் சபை வந்தது. அவர்கள் வாழ்வு செழித்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. மரம் ஏறுவோர் குறைகிறார்கள். விழுந்து முடமானவர்களும் உண்டு. ஆனால் "உன் பொருள் மட்டம்" என்று யாராவது சொன்னால், "ருசித்துப் பார்த்துச் சொல்" என்று பதில் சொல்ல அவர்களால் முடியும். நம்மால் முடியாது.

கடல் கடந்தும் ஓர் உதாரணம் உண்டு. ஆர்ஜென்டினாவில் யெர்பா மாத்தே என்னும் இலையைத் தேயிலைபோல ஊறவைத்துக் குடிக்கிறார்கள். 2002இல் சட்டம் இயற்றி அதற்கென அமைத்த தேசிய நிறுவனத்தின் சபையில் ஆலைக்காரர், விவசாயிகள், கூட்டுறவுகளோடு கிராமியத் தொழிலாளருக்கும் ஓர் இடம் கொடுத்தார்கள். இலைக்கு விலை குறிக்கும் அதிகாரமும் அந்தச் சபைக்கு இருந்தது. 2023 டிசம்பரில் புதிய அரசு ஓர் ஆணையால் அந்த அதிகாரத்தைப் பறித்தது. இலை பறிப்பவர் மேசையில் உட்காரலாம் என்பதையும், கிடைத்த உரிமையைக் காக்காவிட்டால் அது போய்விடும் என்பதையும் இதிலிருந்து தெரிந்துகொள்கிறோம்.

ஆகவே நாம் கேட்பது இவைதான்.

ஒன்று: ஒவ்வொரு வாரமும் நம் தோட்டத்துத் தேயிலை ஏலத்தில் பெற்ற விலையையும், ருசி பார்த்தவர் எழுதிய குறிப்பையும் தமிழிலும் சிங்களத்திலும் பிரட்டுக்களத்தில் ஒட்ட வேண்டும்.

இரண்டு: மாதம் ஒரு நாள், முழுப் பேரோடு, கொழுந்தெடுப்போரின் பிரதிநிதிகளைத் தொழிற்சாலையின் ருசி மேசைக்கு அழைக்க வேண்டும்.

மூன்று: தரம் குறைவு என்று நிறையைக் கழித்தால், காரணத்தை எழுத்தில் தர வேண்டும்.

நான்கு: தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ருசி பார்க்கும் பயிற்சியில் இடம் வேண்டும். 1925இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் தலவாக்கலையில், நம் வாசலிலேயே இருக்கிறது. மலையகத்தில் பிறந்த ஒரு பெண் அந்த மேசையில் கரண்டி பிடிக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

இவற்றில் எதற்கும் கம்பனிக்குப் பெரும் செலவில்லை. மறுத்தால், எதை மறைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டிவரும். அடுத்த சம்பளப் பேச்சு மேசையில் நம் பக்கத்து ஆதாரங்களோடு ருசிக் குறிப்பும் இருக்க வேண்டும். கிளைத் தலைவர்கள் இந்த நான்கையும் அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் வைத்துப் பேசி, தீர்மானத்தை நமக்கு அனுப்புங்கள்.

அந்த யாழ்ப்பாணத்துக் கடைக்காரருக்கு நாம் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறோம். அடுத்த முறை போகும்போது அந்தத் தோழியே அதைச் சொல்ல வேண்டும்.