பாட்டுக்கு உரியார் யார்?

நாட்டுப் பாடலைக் கிற்றாரோடும் மேனாட்டு முரசோடும் இணைத்துப் பாடுதல் தகுமோ என்னும் வினா, பழைய மாணவர் கூடுமிடங்களில் அடிக்கடி எழுவதொன்று. தகாது என்பாரே பலர். வயலிற் பிறந்த கவியை மின்கருவியில் ஏற்றினால் அதன் உயிர் போய்விடும் என்பது அவர்தம் கருத்து. யான் அவ்வாறு கருதேன். மேனாட்டு வயலின் கருநாடக இசையரங்கில் அமர்ந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. ஆர்மோனியத்தையும் இன்று எவரும் அயற்கருவி என்று நாடக மேடையினின்று இறக்கிவிடுவதில்லை. நம் காரைதீவு ஈன்ற விபுலாநந்த அடிகளார், தாம் கற்ற கணிதத்தையும் விஞ்ஞானத்தையும் துணைக்கொண்டன்றோ, வழக்கொழிந்த யாழ்களின் இலக்கணத்தை ஆராய்ந்து 1947இல் யாழ்நூலை அரங்கேற்றினார்!

ஆதலால், கருவி பற்றிய வழக்கு சிறு வழக்கே. நாட்டுப் பாடலைப் புதிய இசையிற் பாடித் தொகுதியாக வெளியிடப் புகும் இளைஞர் முதற்கண் தீர்த்துக்கொள்ள வேண்டியது பெயர் பற்றிய வழக்கு.

தமிழகத்திலே அரக்கோணத்தைச் சேர்ந்த பாடலாசிரியர் அறிவு என்பாரை மாணவர் நன்கறிவர். 2018 சனவரியிற் சென்னையில் அரங்கேறிய ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்னும் குழுவில், கானாவையும் பறையையும் றொக் இசையையும் கலந்து பாடியோருள் அவரும் ஒருவர். அவருடைய பாட்டி வள்ளியம்மாள் நம் நாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர் இந்தியாவுக்குச் சென்றவர். அத்தகையோரைப் பற்றி 1964இல் எழுதப்பட்ட சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை, 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று தலைகளை எண்ணியது. 2021 மார்ச்சில் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்னும் பாடலுக்கு அப்பாட்டியின் வாழ்வே ஊற்று. யூரியூபில் அது கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்டது.

கேட்கப்பட்ட அளவுக்குப் பூசலும் விளைந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையைப் பற்றிச் சர்ச்சை எழுந்தது. அதில் அறிவின் படம் இல்லை. 2022 சூலையிற் சென்னையில் நிகழ்ந்த சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் அவரின்றியே மேடையேறியது. எழுதியவர் யார், மெட்டமைத்ததில் எவர் பங்கு எவ்வளவு என்று உடன் உழைத்தோரிடையே பகிரங்கமாகச் சொல்லாடல் நிகழ்ந்தது. அதில் நீதி கூற யான் முற்படேன். இரு பக்கத்தாருக்கும் சொல்ல நியாயங்கள் உண்டு. 2024இல் அறிவு தம் பெயரில் வெளியிட்ட தொகுதிக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயரிட்டமையே என் நெஞ்சைத் தொட்டது. தம் பெயருக்காக வாதாடியவர், தமக்கு முன்னே பாட்டியின் பெயரை நிறுத்தினார்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருவோம். கண்ணகை அம்மன் குளிர்த்திப் பாடலும் வசந்தனும் ஏட்டிலேனும் அச்சிலேனும் நிற்கின்றன. ஆனால், கல்முனை முதல் அக்கரைப்பற்று வரை முஸ்லிம் மக்கள் வளர்த்த காதற் கவிகளோ பெரும்பாலும் நாவிலேதான் வாழ்ந்தன. சாய்ந்தமருது எஸ். எச். எம். ஜமீல் போன்றோர் சிலவற்றைத் தொகுத்துக் காத்தனர். எஞ்சியவை இன்றும் ஏதோ ஒரு திண்ணையில், ஒரு மூதாட்டியின் நினைவில் இருக்கின்றன. கைத்தொலைபேசியில் அதனைப் பதிந்துகொண்டு, “பாடல்: மரபு” என்று ஒரு சொல்லில் முடித்துவிடுதல் எளிது. இயற்றியவர் தெரியவில்லை, ஆகவே உரியவர் எவருமில்லை என்பர். இயற்றியவர் தெரியாதிருக்கலாம், காத்தவர் கண்முன்னே இருக்கின்றாரே!

நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வழக்குகளுக்கும் காப்பளிக்கின்றது. அவற்றைப் பயன்படுத்துவோர், எந்தச் சமூகத்திடமிருந்து அல்லது எந்த இடத்திலிருந்து பெற்றனர் என்பதைக் குறிப்பிடல் வேண்டும் என்கின்றது. நல்ல சட்டமே, எனினும் ஊர்ப்பெயரோடு அது நின்றுவிடுகின்றது. பாடித்தந்தவரின் பெயரும் அதனோடு வரவேண்டும் என்பதே என் வேண்டுகோள். தொகுதியால் வருவாய் கிட்டுமாயின் அதிலும் அவருக்கொரு பங்கு உண்டு. அப்பங்கு எவ்வளவு என்பதை ஒலிப்பதிவுக்கு முன்னரே, அவர் பிள்ளைகளும் அறியப் பேசிக்கொள்ளல் நன்று. பாடல் புகழ்பெற்ற பின் பேசப் புகுந்தால் என்ன நேரும் என்பதை மேலே கண்டோம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மச்சானை விளித்துப் பாடும் காதற் கவியோடு தம் பெயர் ஊரெங்கும் ஒலிப்பதை எழுபது வயதுத் தாயொருவர் விரும்பாதிருக்கலாம். நாம் போற்றுவதாக எண்ணிச் செய்வது அவருக்கு நாணத்தைத் தரலாம். கேட்டறிதல் வேண்டும். வேண்டாம் என்பாராயின், “பெயர் கூற விரும்பாத ஒரு தாயார், சம்மாந்துறை” என்று, எந்த ஊரோ அந்த ஊரைச் சேர்த்து, பாடகர் பெயருக்கு மேலே எழுதுக.