மணமாகாத பெற்றோரும் குழந்தையின் உரிமையும்

தன் சேமிப்புக்கும் காப்பீட்டுக்கும் மகனை நாமினியாக நியமிக்க விரும்பினார் ஒரு தாய். தந்தையின் பெயரைக் குறிப்பிட வேண்டும், இல்லையேல் நீதிமன்றத்தில் காப்பாளர் சான்று பெற்றுவர வேண்டும் என்று கூறப்பட்டது. அவர் மணமாகாதவர். தந்தையின் அடையாளத்தை வெளியிட மறுத்ததால் கீழமை நீதிமன்றத்திலும் தில்லி உயர்நீதிமன்றத்திலும் அவரது மனு தள்ளுபடியானது. உச்சநீதிமன்றமோ, தந்தைக்கு நோட்டீஸ் அனுப்பாமலேயே மனுவைப் பரிசீலிக்குமாறு 2015 ஜூலை 6-ஆம் தேதி உத்தரவிட்டது. மணமாகாத தாய் உறுதிமொழிப் பத்திரம் அளித்தால் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும் என்றும் ஆணையிட்டது.

பல்லாண்டுகள் பொருளியல் கற்பித்த எனக்கு, இவ்வழக்கு ஒரு நாமினி படிவத்தில் தொடங்கியது வியப்பளிக்கவில்லை. குழந்தை யாருடைய பொறுப்பில் வளர வேண்டும் என்ற வினாவுக்குப் பின்னால், அதன் செலவை யார் ஏற்பது என்ற வினாவும் நிற்கிறது.

அத்தாய் கிறிஸ்தவர் என்பதால் 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தை நாடினார். இந்துக்களுக்கு 1956-ஆம் ஆண்டில் தனிச் சட்டம் வந்தது. மணமான பெற்றோரின் குழந்தைக்குத் தந்தையே இயல்பான காப்பாளர், அவருக்குப் பின்னரே தாய் என்கிறது அதன் 6-ஆவது பிரிவு. மண உறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்கோ முதலிடம் தாய்க்கு. மனைவிக்குத் தராத முதலிடத்தை மணமாகாத தாய்க்குத் தந்தது பெண்ணுக்குச் செய்த சிறப்பா? தந்தை விலகிவிடுவார் என்னும் அனுமானமே அதன் அடிப்படை என்று நான் கருதுகிறேன்.

ஆனால், செலவிலிருந்து தந்தை விலக முடியாது. வசதியுள்ள தந்தை, மணத்துக்கு வெளியே பிறந்த குழந்தையையும் பராமரிக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தந்தையின் பெயரைக் கூறாமலும் தாய் காப்பாளராகலாம். ஜீவனாம்சம் கேட்டாலோ பெயரைக் கூறி, அவரே தந்தை என்பதையும் மெய்ப்பிக்க வேண்டும். 2015 வழக்கின் தாய் படித்தவர், வருவாய் உள்ளவர். தினக்கூலி பெறும் தாய்க்கு மௌனம் கட்டுப்படியாகாது. அந்தரங்க உரிமை வருவாய்க்கேற்ப மாறுபடலாமா?

பொறுப்பேற்க முன்வரும் தந்தையரும் உள்ளனர். அவர்களை வெறும் பணம் தருவோராக மட்டும் கருதுவது குழந்தைக்கே இழப்பு. குழந்தையின் நலனே தலையாயது என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு கூறுகிறது. அதன்படி, தகுதியுள்ள தந்தை குழந்தையைச் சந்திக்கவும் வளர்ப்பில் பங்கேற்கவும் வழி வேண்டும்.

ஆயினும், பணம் கொடுத்ததனாலேயே குழந்தை மீது உரிமை வந்துவிடாது. சந்திக்க அனுமதி இல்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தவும் கூடாது. இவ்விரண்டையும் சட்டம் தெளிவாகப் பிரித்துரைக்க வேண்டும். இடைக்கால ஜீவனாம்ச மனுவை, நோட்டீஸ் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாள்களுக்குள் முடிக்க வேண்டும் என்ற விதி இப்போதே உள்ளது. அதில் 'இயன்றவரை' என்பதை நீக்கினாலே பல குழந்தைகளின் பசி தீரும். பெற்றோர் மணந்தனரா என்பது அவர்களின் முடிவு. அதற்கான விலையைக் குழந்தை செலுத்தலாகாது.